நாலு டிகிரி, எல்லாம் நல்லா இருக்கு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட கை ஈரம் காயாத நேரம். இதில் ஒரு வரிகூட நான் கட்டிச் சொல்லவில்லை. கதை கட்டும் பழக்கமும் எனக்குக் கிடையாது. ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் முப்பது வருஷம் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவள் நான். எது கெட்டுப்போனாலும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் கிளம்ப முடியவில்லை.

முதலில் என் மருமகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் மகனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே என்னிடம் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அங்கே எல்லாருக்கும் அவள் வாயாடி. அந்தப் பேரை வைத்ததே நான்தான். மனுஷர்களோடு மட்டுமில்லை, கம்ப்யூட்டரோடும் பேசுவாள். திரையில் ஒரு கேள்வி வந்தால் வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டுத்தான் விரலை வைப்பாள். என்டரை எல்லாரும் ஒரு தடவை தட்டுவோம். இவள் இரண்டு தடவை. டக்… டக்.

"ஒரு தடவ தட்டினா அதுக்குக் கேக்காதாடி?"

"கேக்கும் அத்தை. ஆனா மதிக்காது."

கல்யாணத்துக்குப் பிறகு, இங்கேயும் மாமியாரோடவா என்று மற்றவர்கள் சீண்டினால், "வீட்ல அவங்க ரொம்ப நல்லவங்க. இங்க வந்தாதான் மாமியாராயிடுறாங்க" என்பாள். நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுவாள்.

ரத்த வங்கியின் குளிர்பெட்டிக்கு அவள் ஒரு ப்ரோக்ராம் எழுதினாள். ரத்தம் இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, ஆறுக்கு மேலேயும் போகக் கூடாது. தாண்டினால் அங்கே இருக்கிற நர்சுக்குத் தானாகப் போன் போகும். நாமே அந்த நம்பரைக் கூப்பிட்டாலும் பதில் வரும். பதில் அவள் குரலில். ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்து, அதை ப்ரோக்ராம் கோத்துச் சொல்கிற மாதிரி செய்திருந்தாள்.

"நாலு டிகிரி. எல்லாம் நல்லா இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினாலு மாதம் முன்னால் ஒரு லாரி… எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவள் காவல் வைத்த அந்தப் பெட்டியிலிருந்துதான் அவளுக்கு ரத்தம் எடுத்தார்கள். அன்றைக்கும் நாலு டிகிரி. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அவளைத் தவிர.

என் மகன் பல் செட் செய்கிறவன். கம்ப்யூட்டர் வாடையே அவனுக்கு ஆகாது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, ஒரு நாள் அவன் அறையிலிருந்து அவள் குரல் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

"நாலு டிகிரி. எல்லாம் நல்லா இருக்கு."

"ம்" என்றான். வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

தினமும் இதுதான். அதைக் கேட்காமல் அவன் தூங்கியதில்லை. எனக்குத் தெரியும் என்று நானும் காட்டிக்கொண்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மேலாளர் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த சின்ன வயசுக்காரர்.

"மேடம், பழைய சர்வரோட டிஸ்க் போற நிலைமையில இருக்கு. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு அத நிறுத்திடப் போறோம்."

"குளிர்பெட்டி ப்ரோக்ராம்?"

"அது பழைய வெர்ஷன்ல எழுதினது. புது சர்வர்ல ஓட மாட்டேங்குது. வேற ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கோம். மெசேஜ் அனுப்பிடும்."

"குரல் வராதா?"

"குரல் எதுக்கு மேடம்?"

எதுக்கு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? என் பிள்ளை தூங்கணும் என்றா?

"நான் வந்து பழைய வெர்ஷனையே புதுசுல கட்டிக் குடுத்தா?"

"நாலு மணிக்குள்ள முடிச்சீங்கன்னா சந்தோஷம்."

கட்டுவது என்றால் இதுதான். அவள் எழுதியதை வரி வரியாக வாசித்து நடத்திக்கொடுக்க ஒரு மென்பொருள் வேண்டும். இன்டர்ப்ரெட்டர் என்போம். அந்தப் பழைய வெர்ஷன் தயார்நிலையில் கிடைப்பதில்லை. அதன் மூல நிரலை எடுத்து, ஓட வேண்டிய சர்வரிலேயே உட்கார்ந்து உருவாக்க வேண்டும். முதலில் அது நம்மை நிறையக் கேள்வி கேட்கும். பிறகு கம்பைல், அந்த நிரலை மெஷினுக்குப் புரிகிறபடி மாற்றுவது. பிறகு டெஸ்ட், கணக்கெல்லாம் சரியாக வருகிறதா என்று. கடைசியில் இன்ஸ்டால். டெஸ்ட் மட்டுமே ஒரு மணி நேரம் தின்றுவிடும். அவசரக்காரர்கள் அதைத் தாண்டிப் போவதுண்டு. வாயாடி விடவே மாட்டாள்.

"டெஸ்ட் ஓட்டாம இன்ஸ்டால் பண்றது, கண்ண மூடிக்கிட்டு ரோட்டக் கடக்கற மாதிரி அத்தை."

அந்த அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே குளிர், ஒரே இரைச்சல். புது சர்வர் என் முன்னால். பழையதும் அதன் கீபோர்டும் நாற்காலியும் என் முதுகுக்குப் பின்னால். மேலாளர் குரல் கோப்புகளைப் பழையதிலிருந்து புதியதற்குக் காப்பி போட ஆரம்பித்தார். சிறிது நேரம் கழித்து, "ஆயிடுச்சு மேடம், நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று திரும்பிப் பார்க்காமல் போனார்.

கதவு மூடிக்கொண்டது.

நான் தனியாக ஆரம்பித்தேன். கேள்விகள் வந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் அதுவே ஒரு பதிலை யூகித்து அடைப்புக்குறிக்குள் காட்டும். சரி என்றால் என்டர் தட்டினால் போதும். எவ்வளவு வேகம் வேண்டும் என்று கேட்டது. புது சர்வர்தானே, பறக்கட்டும் என்று உச்ச வேகத்தைப் போட்டேன். என்டர், என்டர் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

இதை உருவாக்குகிறவர் யார் என்று ஒரு கேள்வி வந்தது. உள்ளே நுழையும்போது கொடுத்த பேரைப் பார்த்து அதுவே யூகிக்கும். நான் என் பேரில்தான் நுழைந்திருந்தேன்.

அடைப்புக்குள் இருந்தது என் மருமகள் பேர்.

பழைய செட்டிங் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. இந்த சர்வரை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தே இரண்டு நாள்தான் ஆகிறது. அவள் இதைப் பார்த்ததே இல்லை.

என் பேரை அடித்தேன். என்டர்.

அதே கேள்வி மறுபடியும் வந்தது. அடைப்புக்குள் அவள் பேர்.

மறுபடியும் என் பேரை அடித்தேன். மறுபடியும் அதே கேள்வி.

"என்னடி இது…" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது தடவை எதுவும் அடிக்கவில்லை. என்டர் மட்டும் தட்டினேன்.

டக்…

டக்.

நான் தட்டியது ஒரு தடவைதான்.

இரண்டாவது சத்தம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பழைய சர்வர் பக்கமிருந்து.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். அவ்வளவுதான். வயசாகிவிட்டது, காது ஏமாற்றுகிறது என்று என்னையே திட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

கம்பைல் முடிந்தபோது மூன்றேகால். இனிமேல் டெஸ்ட் ஓட்டினால் நாலைத் தாண்டிவிடும். தாண்டினால் குரல் போய்விடும். என் மகன் இன்று ராத்திரி அந்த நம்பரைக் கூப்பிட்டு, மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால்… அதை நினைத்ததும் என்னால் முடியவில்லை. ஒரே ஒரு தடவைதானே. டெஸ்ட் வேண்டாம்.

இன்ஸ்டால் என்று அடித்தேன். தட்டினேன்.

திரை ஓட ஆரம்பித்தது.

சோதனை ஒன்று… சரி.

சோதனை இரண்டு… சரி.

நான் இதைக் கேட்கவில்லை.

நிறுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி நிறுத்தினேன். நிற்கவில்லை.

சரி… சரி… சரி…

பின்னால் நாற்காலி 'கிரீச்' என்றது. யாரோ உட்கார்ந்தால் வருகிற சத்தம்.

கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

சரி… சரி…

"அடியே…" என்றேன்.

சரி…

தோல்வி.

அந்த இடத்தில் எல்லாம் நின்றது.

தசம எண்களை ஒப்பிடுகிற சோதனை அது. வாசிக்க வாசிக்கத்தான் புரிந்தது. நான் பெரிய மனசோடு போட்டேனே உச்ச வேகம், அது கணக்கைக் கெடுத்திருந்தது. நாலரையும் ஒன்பதரையும் அதற்கு ஒன்றுதான். இதை இன்ஸ்டால் செய்திருந்தால் பெட்டி எவ்வளவு சூடானாலும் அவள் குரல் நாலு டிகிரி, எல்லாம் நல்லா இருக்கு என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கெட்டுப்போன ரத்தத்தை யாருக்காவது ஏற்றியிருப்பார்கள். அவள் குரலை நம்பி.

வேகத்தைக் குறைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். மேலாளர் வந்தார்.

"முடிஞ்சுதா மேடம்?"

"இன்னொரு தடவ கம்பைல் பண்ணணும். டெஸ்டும் ஓட்டணும். ரெண்டு மூணு மணி நேரம் பொறுங்களேன்."

"ஆளுங்க வந்து நிக்கிறாங்க மேடம். பழசுக்கு வேலையே முடிஞ்சு போச்சு. நீங்க மெதுவா முடிங்க. நர்ச நேர்ல போய்ப் பாக்கச் சொல்லிடறேன்."

நாலு மணிக்குப் பழையதை நிறுத்தி, கழற்றி, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பைல் முடிந்தது. டெஸ்டை முழுக்க ஓட்டினேன். எல்லாம் சரி. இன்ஸ்டால் செய்து, ப்ரோக்ராமைத் தட்டி எழுப்பி, நம்பரை அழுத்தினேன்.

"நாலு டிகிரி. எல்லாம் நல்லா இருக்கு."

அந்தக் குளிரில் உட்கார்ந்து அழுதேன். நடந்தது எதையும் யாரிடமும் சொல்லவில்லை. டெஸ்டைத் தாண்டப் பார்த்ததை அறவே சொல்லவில்லை. முப்பது வருஷ அனுபவக்காரிக்கு அது வெட்கக்கேடு.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஓய்வூதிய வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தக் குரல் ஃபைலெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"நீங்கதானே காப்பி போட்டீங்க?"

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஃபோல்டர் மட்டும்தான் மேடம் வந்துச்சு. உள்ள இருக்கறத எடுக்கறதுக்குள்ள டிஸ்க் போயிடுச்சு. உங்ககிட்ட சொல்லத் தைரியம் வரல. அப்புறம் பாத்தா போன் பேசுது. சரி, உங்க கையில வேற காப்பி இருந்திருக்கும்னு நினைச்சேன்…"

"என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்தேன். ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு கோப்புகூட இல்லை. அவர் மேஜைப் போனை எடுத்து நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"நாலு டிகிரி. எல்லாம் நல்லா இருக்கு."

அவர் ஃபோல்டரை மூடினார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மகனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அறைப் பக்கம் போனேன். போனைக் காதில் வைத்திருந்தான். கதவருகே நின்றேன்.

"ம்" என்றான்.

வைக்கவில்லை.

"சாப்ட்டேன்… ம்… அம்மாவும் சாப்ட்டாங்க."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான். பதினைந்து மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். போனை வைத்துவிட்டு வெளியே வந்தவன் என்னைப் பார்த்து நின்றான்.

"ஏம்மா, இன்ஸ்டால்னா என்ன?"

"எதுக்குடா கேக்கற?"

"இல்ல… டெஸ்ட் ஓட்டாம இன்ஸ்டால் பண்ணப் பாத்தியாமே நீ? சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா."