சல்லடையில் விழுந்த ஞாயிற்றுக்கிழமைகள்

ஏலக்காய் மணக்கும் என்று எழுதுகிறவர்கள் யாரும் போடிநாயக்கனூரில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் ஒரு பொழுது உட்கார்ந்து காய் பொறுக்கிப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். அங்கே அது மணக்காது. தூசியாகக் கிளம்பி மூக்கில் ஏறும், கண்ணைக் கரிக்கும், தொண்டையில் ஒட்டிக்கொண்டு சோற்றையும் தண்ணீரையும் ஒரே ருசியாக்கிவிடும். அந்தக் கரிப்போடுதான் எனக்கு என் ஐந்தாம் வகுப்பு நினைவுக்கு வருகிறது.

கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்து, ஆறாம் வகுப்பிலிருந்து தங்கவைத்து இலவசமாகப் படிக்கவைக்கும் பள்ளி ஒன்று இருந்தது. அதற்கான நுழைவுத் தேர்வை ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். தவறினால் அதோடு சரி. அந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதற்கென்று பரமசிவம் சார் தன் அண்ணனுடைய ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் சனி, ஞாயிறுகளில் வகுப்பு நடத்தினார். கீழே பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். மேலே நாங்கள் உருவங்களைப் பார்த்து விடை குறிக்கிற "படக்கணக்கு" போடுவோம். அம்மா கீழே வேலை பார்த்ததால் மேலே எனக்குச் சும்மா இடம் கிடைத்தது.

சாருக்குத் தெரிந்த ஒரே பாடம் ஏலக்காய்தான். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் போட்டுச் சலித்தால் மேலே நிற்கிற பருத்த காய்க்கு "எட்டு மில்லி" என்று பெயர், அதற்குத்தான் விலை. எங்களையும் அவர் அப்படித்தான் கூப்பிட்டார். முன்வரிசை "எட்டு", நடுவரிசை "ஏழு", கடைசி வரிசை "தூள்". ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சை வைத்து உடனே திருத்தி, மதிப்பெண் குறைந்தவர்களைப் பெயர் சொல்லி எழுப்புவார். "சல்லடையில விழுந்ததுக எல்லாம் கீழ எறங்கு. ஒனக்கெல்லாம் காய் பொறுக்குறதுதான் சோலி, இப்பவே பழகிக்க" என்பார். இறங்கியவர்கள் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து மத்தியானம்வரை காய் பொறுக்க வேண்டும். அழைத்துப் போக வருகிற அப்பா அம்மாக்கள் கிட்டங்கி வாசலிலேயே தங்கள் பிள்ளையைத் தூசிக்குள் பார்த்துக்கொள்ளலாம். வாத்தியார் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நகைக்கடைக்காரர் மகன் ஒருவன் பெயர் கூப்பிட்டதும் நின்ற இடத்திலேயே டவுசரை நனைத்துவிட்டான். அவனுடைய அப்பா அதைக் கேட்டுவிட்டு, "சார் கண்டிசனானவரு" என்று பெருமையாகச் சொன்னார். ஊரே அப்படித்தான் சொன்னது. எங்கள் அழுகைதான் அவருக்கு விளம்பரம்.

எங்களுக்குப் போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரம். அப்பா மலைமேல் எஸ்டேட்டில் இருந்தார், எப்போதாவது வருவார். அம்மா விடியுமுன் முதல் பஸ்சுக்குப் போனால் இருட்டியபிறகு வந்து, சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தாமல் படுத்துவிடுவாள். நான் அத்தையின் பொறுப்பில் வளர்ந்தேன். அம்மா என்னைத் தொட்டுப் பேசியதாக அந்த வயதில் எனக்கு நினைவே இல்லை, அவள் கையை நான் பார்த்ததெல்லாம் அவள் தூங்கும்போதுதான்.

முதல் தடவை நான் நிஜமாகவே விழுந்தேன். கண்ணாடியில் தெரியும் உருவத்தைக் கண்டுபிடிக்கச் சொன்ன கணக்குகள் எல்லாமே தப்பு. அழுதுகொண்டே இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏ பேச்சி, ஒம் மக கெட்டிக்காரின்னு சொன்னே?" என்று ஒருத்தி சிரித்தாள். அம்மா காய்த் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் முழங்காலை என் பக்கம் நகர்த்தினாள், நான் அதில் சாய்ந்துகொண்டேன். வெடித்த காயை எப்படி ஒதுக்குவது என்று என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். மத்தியானம்வரை நான் அவள்மேலேயே சாய்ந்திருந்தேன். எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடை தெரிந்தே தப்பாகக் குறித்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மாட்டிக்கொண்டது என் சந்தோஷத்தால்தான். மற்ற பிள்ளைகள் விசும்பிக்கொண்டு இறங்கும்போது நான் மட்டும் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கியதை அம்மா பார்த்துவிட்டாள். அவள் விரல்கள் நின்றன.

"கடேசிக் கணக்கு என்னடி? வெரசா சொல்லு" என்றாள். கணக்கையும் சொன்னேன், சரியான விடையையும் சொன்னேன்.

"தெரிஞ்சேதான் தப்பாப் போட்டியா?"

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. முழங்காலை மட்டும் மடக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அத்தை சொன்னாள்: "ஒங்காத்தா ஜீப்புல மலைக்குப் போய்ட்டா. இனி அங்கதான் சோலியாம். ஒன்னைய வகுப்புல வச்சுக்கச் சொல்லி சார்கிட்ட கேட்டுட்டுத்தான் போயிருக்கா." நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே விழுந்து, ஓடி இறங்கிப் பார்த்தேன். அம்மாவின் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்காரப் போனபோது, தட்டைக் குறுக்கே வைத்துத் தடுத்தாள். "தள்ளிப் போ தாயி. எம் மக எறங்கி வந்தா யாரும் பக்கத்துல சேக்காதீங்கன்னு பேச்சி சொல்லிட்டுப் போயிருக்கா."

அதற்குப்பிறகு நான் விழவே இல்லை. எதற்காக விழ வேண்டும்? "பாத்தீங்களா, சல்லடை வேலை செய்யுது" என்று சார் என்னை முன்வரிசையில் நிறுத்திப் புதிதாக வந்த பெற்றோர்களிடம் காட்டினார். தேர்வில் தேறினேன், விடுதிக்குப் போனேன், பள்ளி முடிகிறவரை அம்மாவைத் திருவிழாவுக்குத் திருவிழாதான் பார்த்தேன். "எம் மக எட்டு மில்லி" என்று அவள் மலைமுழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். என்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை. அவள் செய்ததால்தான் நான் இன்று நன்றாக இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அவள்மேல் இன்னும் கோபம்தான்.

இப்போது அந்தக் கிட்டங்கியில் இயந்திரமே காயின் அளவையும் நிறத்தையும் பார்த்துப் பிரித்துவிடுகிறது. வட்டமாக உட்கார்ந்த பெண்கள் இல்லை, மாடி வகுப்பும் இல்லை. பரீட்சை மட்டும் இன்னும் சின்னப் பிள்ளைகளிடம் இறங்கி வந்திருக்கிறது. மதுரையில் என் மகள் ஐந்து வயதில், "திறன்மிகு குழந்தைகள்" பிரிவில் ஒன்றாம் வகுப்புக்கு இடம் பிடிக்கப் பயிற்சிக்குப் போகிறாள். குளிரூட்டிய அறை, கண்ணாடிச் சுவர், வெளியே நாற்காலியில் நான். அவள் ஒவ்வொரு கேள்விக்கும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள், பாதியில் எழுந்து ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்வாள்.

போன மாதம் அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். போடியில் தனியாக இருக்கிறாள். மகள் எதையும் எழுத மாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன்.

"நீ எங்க இருக்க?"

"வெளியில, அவ கண்ணுல படுற மாதிரிதான் உக்காந்திருக்கேன்."

"எந்திரிச்சுப் போ. நீ இருக்குற வரைக்கும் அது எழுதாது."

"அழுவாளேம்மா."

"நீயுந்தான் அழுத. செத்தா போய்ட்ட?"

போனை வைத்துவிட்டாள். நான் மகள் குனிந்திருந்த நேரம் பார்த்து எழுந்தேன். கண்ணாடிச் சுவரில் அவள் கையால் தட்டிக் கூப்பிடுகிற சத்தம் படியிறங்கும்வரை கேட்டது. அன்றைய பரீட்சையில் அவள் ஒன்றுகூடத் தப்பாகப் போடவில்லை.