மண்ணெண்ணெயில் ஓடிய காருக்கு ஒரு திருத்தம்

கடவுச்சொல் மறந்துபோயிருக்கும் என்று நம்பியிருந்தேன். மறக்கவில்லை. விரல்கள் தாமாகவே தட்டின, பழைய கார்களைப் பற்றி நான் எழுதிவந்த வலைப்பூ திறந்துகொண்டது. நாலு வருடத்துக்கு முன் கடைசியாக எழுதியது அப்படியே மேலே கிடந்தது. சுன்னாகத்தில், கலியாணங்களுக்கு மட்டும் வெளியே வரும் ஒரு பழைய காரைப் பற்றிய பதிவு. கீழே பின்னூட்டங்கள். தங்கள் அப்பாவிடமும் இப்படி ஒன்று நின்றது என்று வெளிநாட்டிலிருந்து பலர் எழுதியிருந்தார்கள். எங்கள் ஆட்களுக்குப் பழைய காரைக் கண்டால் குடும்பப் பெருமைதான் ஞாபகம் வரும். காரைப் பற்றி ஒரு சொல் இராது. எல்லாருக்கும் முதல், வழமைபோல, அண்ணை எழுதியிருந்தார்: "வாசிச்சன்."

அண்ணையின் வீடு உரும்பிராயில் எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். சைக்கிளில் வந்து நேரே சொல்லியிருக்கலாம். வரமாட்டார். நல்லது, கூடாது என்று ஒரு அபிப்பிராயமும் சொல்லமாட்டார். பதிவு போட்ட அன்று பின்னேரத்துக்குள் அந்த ஒற்றைச் சொல் வந்துவிடும், அவ்வளவுதான். அதற்காகத்தான் இத்தனை காலமும் எழுதினேன் என்பது அவர் போன பிறகே எனக்கு விளங்கியது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு ஒரு பதிவு எழுத உட்கார்ந்தேன். பாதியில், இதை முடித்தாலும் கீழே அந்தச் சொல் வராது என்று பட்டது. கணினியை மூடிவிட்டு அழுதேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன். பென்ஷன் எடுத்து வீட்டில் இருக்கிறவனுக்கு நேரமில்லையாம், அவர்களும் நம்பினார்கள்.

போன கிழமை மச்சாள் கூப்பிட்டார். அண்ணையின் மனைவியை நான் அப்படித்தான் அழைப்பேன். கனடாவுக்குப் போய் மகளோடு இருக்கப் போகிறார், விசா வந்துவிட்டது. வீட்டைப் பார்க்கவும் ஆள் பிடித்தாயிற்று. மிஞ்சியிருந்தது கொட்டிலில் படங்கு மூடிக் கிடந்த அண்ணையின் ஏ40 கார்.

"தம்பி, கார் விக்க இருக்கெண்டு உம்மடை பக்கத்திலை ஒருக்காப் போட்டுவிடும். அதைப் பாக்கிற ஆக்கள் எண்டா நல்லா வைச்சிருப்பினம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூடிவைத்ததைத் திறப்பது அண்ணையின் காரை விற்கவா?

"நான் இப்ப எழுதிறேல்லை, மச்சாள்."

"தெரியும். எண்டாலும் போடும்."

அடுத்த நாள் காலை என்னுடைய காரின் பற்றறியைக் கழற்றிக்கொண்டு போனேன். பின் சீற்றை எலி பிய்த்திருந்தது. கார்புரேட்டரைக் கழுவி, புதுப் பெற்றோல் விட்டு, அரை நாள் மாரடித்த பிறகு எஞ்சின் இருமி இருமி எழும்பியது. படம் எடுக்கக் கோப்பாய்ப் பக்கத் தோட்டவெளிக்குக் கொண்டுபோகலாம் என்று புறப்பட்டபோது, மச்சாள் கதவைத் திறந்து முன் சீற்றில் ஏறினார். "நானும் வாறன்."

இந்தக் காரைப் பற்றி நான் முன்பே எழுதியிருக்கிறேன். வலைப்பூவில் அதிகம் பேர் வாசித்தது அதுதான். சண்டைக் காலத்தில் இங்கே பெற்றோல் வராமல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அப்போது நான் கொழும்பில் இருந்தேன், அண்ணை சொல்லக் கேட்டதுதான் எல்லாம். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் எழும்பாது. அதனால் ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, அதில் எழுப்பி, சூடானதும் ஒரு சின்னக் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீட்டை நெருங்கும்போது மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். மறந்தால் கார்புரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கிவிடும், அடுத்த நாள் கார் அசையாது. அண்ணை திருப்பும் இடம், வீட்டுக்குக் கிட்ட றோட்டு வளையும் பிள்ளையார் கோயில் முடக்கு. "ஒரு கை ஸ்ரியறிங்கிலை, மற்றக் கை குழாயிலை. றோட்டை விட்டுக் கண் எடுக்கமாட்டன்" என்று அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டிருந்தேன். பெற்றோல் வரத் தொடங்கியதும் குழாயைக் கழற்றிவிட்டார். டாஷ்போர்டின் கீழே இரண்டு ஆணித் துளைகள் மட்டும் மிச்சம்.

தோட்டவெளியில் படங்கள் எடுத்தேன். மச்சாள் இறங்கவில்லை. திரும்பி வரும்போது, பிள்ளையார் கோயில் முடக்கில் நான் வேகத்தைக் குறைத்தேன். அப்போது அவருடைய வலது கை மடியிலிருந்து எழும்பி, டாஷ்போர்டின் கீழே போய், வெறும் இடத்தைப் பிடித்துத் திருப்பியது.

காரை ஓரமாக நிறுத்தினேன். துளைகள் இருந்தது இடப்பக்க மூலையில், அவருடைய முழங்காலுக்கு நேரே. ஓட்டுகிற சீற்றில் இருந்தபடி நான் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை.

"குழாய் திருப்பினது நீங்களோ?"

"பின்னை ஆர்? ரெண்டு கையாலையும் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, 'திருப்பு, திருப்பு' எண்டு கத்திறதுதான் அவற்றை வேலை."

"அவர் வேறை மாதிரி எல்லோ சொன்னவர். நான் அப்பிடியே எழுதிப்போட்டன்."

"தெரியும். செத்தவீட்டுக்கு வந்த ஒராள், ஒரு கையாலை குழாய் திருப்பின மனிசன் எண்டு அவரைப் புகழ்ந்து கதைச்சவர். அப்பதான் எனக்கே தெரியும். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்திட்டுது."

"ஏன், வலைப்பூவிலை வந்தது உங்களுக்குத் தெரியாதோ?"

"உந்தச் சின்ன எழுத்து என்ரை கண்ணுக்குத் தெரியாது. நீர் எழுதிறதெல்லாம் பின்னேரத் தேத்தண்ணியோடை அவர்தான் உரத்து வாசிப்பார். வாசிச்சு முடிச்சிட்டுத்தான் உமக்கு 'வாசிச்சன்' எண்டு போடுறவர். அந்தக் குழாய்க் கதையை மட்டும் கள்ளன் வாசிக்கேல்லை."

மச்சாள் அந்தத் துளைகளை விரலால் தடவினார்.

"அவர் போனாப் பிறகு மகளிட்டைக் கேப்பன், சித்தப்பா ஏதும் எழுதினவரோ எண்டு. இல்லையெண்டுவாள். நாலு வருஷமாக் கேட்டிட்டன், தம்பி."

இரண்டு ஒழுங்கைக்கு அப்பால், தேத்தண்ணியோடு ஒருவர் காத்திருந்தது எனக்குத் தெரியாது. வாசிக்க ஆளில்லை என்று நான் கதவைச் சாத்திவிட்டு இருந்திருக்கிறேன்.

"விக்கிறதை விடுவமே, மச்சாள்?"

"இல்லை. நிண்டால் உக்கிப்போயிடும். விக்கத்தான் வேணும். ஆனா வாங்கிறவனுக்குக் குழாய் ஆர் திருப்பினதெண்டு தெரிய வேணும்."

வீட்டுக்கு வந்து எழுதினேன். ரயர் நாலும் பழசு. பின் சீற்று எலி கடித்தது. எஞ்சின் நல்லது. இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் முழுவதும் குழாயைத் திருப்பியவர் ஓட்டியவர் அல்ல, இடப்பக்கம் இருந்த அவருடைய மனைவி. முன்பு எழுதியது பிழை.

பதிவைப் போட்டுவிட்டு, பின்னேரம் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் மச்சாளுக்கு வாசித்தேன். தேத்தண்ணீர் ஆறும்வரை அசையாமல் இருந்து கேட்டார். "அவர் இருந்திருந்தா இதையும் எனக்கு வாசிச்சிருக்கமாட்டார்" என்று சிரித்தார். சிரித்தபடியே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுக் கணினியைக் காட்டினார்.

"கீழை போடும்."

"என்னெண்டு?"

"கேட்டன் எண்டு."