பேசற டப்பாவுக்கு வைத்த சந்தனம்

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற ரோட்டில் எந்த வீட்டில் டிவி தெரியவில்லை என்றாலும் திட்டு எனக்குத்தான் விழும். கேபிள்காரன் பிழைப்பு அப்படி. மழை பெய்தால் நான், குரங்கு ஒயரை இழுத்தால் நான், ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனாலும் நான். படம் நன்றாகத் தெரிந்தால் மட்டும் யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

என்னைத் திட்டாத ஒரே வீடு மாதவராஜ் அண்ணன் வீடு. அங்கே டிவியில் சீரியல் ஓடியே இரண்டு வருஷம் இருக்கும். அந்த டிவியில் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்.

அண்ணன் பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூறியவர். அவருக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. தக்காளிப் பெட்டிகள் மேல் ஏறி நின்று குரல் கொடுத்தால் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். கர்நாடகாவிலிருந்து வரும் வியாபாரிக்குக் கன்னடத்தில் ஒரு கிண்டல், தெலுங்கு பேசுகிறவருக்குத் தெலுங்கில் ஒன்று, நம்மூர் விவசாயிக்கு "இன்னும் ரெண்டு ரூவா ஏத்தறன் இரு" என்று கண்ணாலேயே ஒரு சமிக்ஞை. தக்காளி விலை தரையில் கிடந்த நாட்களில் அவர் குரலும் இறங்கிவிடும். விவசாயி பெட்டியைச் சாலையில் கொட்டிவிட்டுப் போவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையிலேயே வண்டியை மெதுவாக்கி "தீர்த்தா" என்று ஒரு குரல் கொடுப்பார். தீர்த்தம்மாள் அண்ணி அந்தச் சத்தத்துக்குத்தான் அடுப்பில் டீ வைப்பார். வண்டி வாசலுக்கு வரும்போது டீ கொதித்திருக்கும். "மண்டியில கத்துனது போதாதா, தெருவுலயும் எம்பேர ஏலம் வுடணுமா" என்று அண்ணி சலித்துக்கொள்வார். அண்ணனுக்கு அந்தச் சலிப்பும் வேண்டும், டீயும் வேண்டும்.

முதலில் நாக்குத்தான் குழறியது. ஏலம் கூறும்போது விலை வாயில் மாறி விழ ஆரம்பித்தது. காலையிலேயே போட்டுவிட்டு வருகிறார் என்று மண்டியில் பேசினார்கள். பொட்டுச் சாராயம் தொடாத மனுஷன். அதைக் கேட்டு வந்து அன்றைக்கு அவர் அழுததை அண்ணி என்னிடம் சொல்லியிருக்கிறார். பிறகு கையில் பலம் போனது, காலில் போனது. பெங்களூருக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும் நோய், இதற்கு மருந்து கிடையாது, கடைசியில் சளி கட்டித்தான் முடியும் என்று அங்கே டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஒரு வருஷத்துக்குள் அந்தக் குரல் சுத்தமாக அடங்கிவிட்டது. மிச்சம் இருந்தது வலது கைக் கட்டைவிரல் மட்டும். அதுவும் லேசாக அமுக்கும், அவ்வளவுதான்.

மகள் மேனகா ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள். சோப்பு டப்பா அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தாள். அதிலிருந்து ஒரு ஒயர் டிவிக்கு, இன்னொரு ஒயர் ஒரு பட்டனுக்கு. அந்தப் பட்டனை அப்பாவின் கட்டைவிரலுக்கு அடியில் ரிப்பனால் கட்டிவிட்டாள். டிவியில் பெரிய எழுத்தில் கட்டங்கள் வரும். தண்ணி, டீ, கஞ்சி, ஃபேன், திருப்பு, வலி, வெளிய, மேனகா, தீர்த்தா. ஒருதரம் அமுக்கினால் வெளிச்சம் முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக நகரும். வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் மறுபடி அமுக்க வேண்டும். அமுக்கிய சொல் மேலே போய் நின்றுகொள்ளும். நம்மூரில் கரண்ட் நினைத்த நேரத்துக்குப் போகும் என்பதால், கரண்ட் போய் வந்தாலும் அந்தச் சொற்கள் அழியாதபடி எழுதியிருந்தாள்.

"ஏன்டி எம்பேரக் கடைசில வெச்ச?" என்று அண்ணி கேட்டார்.

"நீதான் எப்பவும் பக்கத்துலயே இருக்கியே. உன்னை எதுக்கும்மா கூப்புடணும்" என்றாள் மேனகா.

அது சரிதான். அண்ணன் அந்தக் கடைசிக் கட்டத்தை அமுக்கி நான் பார்த்ததே இல்லை. முதல் நாள் அவர் அமுக்கிய முதல் சொல் டீ. அண்ணி சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவர் அங்கே நின்று அழுதார். டீயை ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். புரைக்கேறும் என்று பயம்தான், ஆனாலும் அண்ணி கொடுப்பார். அந்தச் சின்னக் கம்ப்யூட்டருக்கு எங்கள் எல்லோருக்கும் பேர் பேசற டப்பா.

போன வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு எதையும் விட மாட்டார்கள். மருந்து அடிக்கிற டேங்க், மோட்டார் ஸ்டார்ட்டர், மிக்சி, வண்டி, கடப்பாரை, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நானும் என் ஏணிக்கும் கட்டிங் பிளேயருக்கும் வைப்பவன்தான். அண்ணி டப்பாவின் ஒயர்களைக் கழற்றினார். ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்தார். பக்கவாட்டில் டிவி ஒயர் செருகுவதற்கு அடுத்தடுத்து இரண்டு சின்ன ஓட்டைகள் உண்டு. பார்க்கக் கண் மாதிரி இருக்கும். அந்த இரண்டிலும் குழைத்த சந்தனத்தால் அழகாக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். சாமி படத்துக்கு முன்னால் பொரி, கடலைக்கு நடுவில் டப்பாவை வைத்தார். பூஜையில் வைத்ததை விடியும்வரை எடுக்கக்கூடாது என்பது வழக்கம். "ஒரு ராத்திரி பொறுத்துக்கங்க, அதுக்கும் ஓய்வு வேணுமில்ல" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை ஒயரை எல்லாம் பழையபடி செருகினார். டிவி கருப்பாகவே இருந்தது. எனக்குப் போன் வந்தது.

நான் போனபோது அண்ணனுக்கு உடம்பு கொதித்தது. மூச்சில் சளி இழுத்தது. கட்டைவிரல் மட்டும் பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது. "என்னமோ சொல்றாரு திருமாலு. சீக்கிரம் பாரு" என்றார் அண்ணி.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். ரிமோட்டில் ஒவ்வொரு இன்புட்டாக மாற்றிப் பார்த்தேன். சிக்னல் இல்லை என்றே வந்தது. என் செட்டாப் பாக்ஸை மாட்டினால் படம் கிளியராக வந்தது. அப்படியென்றால் டிவியில் கோளாறில்லை. டப்பாவின் சார்ஜரை மாற்றினேன். ஒன்றும் இல்லை. கட்டிக் கொடுத்து முதல் பூஜை என்று மேனகா மாமியார் வீட்டில் இருந்தாள். அவளுக்குப் போன் போட்டேன்.

"சித்தப்பா, டப்பால சேப்பு லைட்டு எரியுதா?"

"எரியுதும்மா."

"பச்சை லைட்டு?"

குனிந்து பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்து கிடந்தது. அண்ணன் விரல் அமுக்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அமுக்கியது. உடனே பச்சை விளக்கு ஒரு மின்னு மின்னி அணைந்தது.

"அப்பா அமுக்குனா மின்னுதும்மா" என்றேன்.

"டப்பா நல்லாத்தான் இருக்குது சித்தப்பா. அப்பா பேசறது எல்லாம் அதுக்குள்ள போவுது. டிவிக்குத்தான் வரல."

அத்தனை நேரமும் அண்ணன் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நாங்கள்தான் செவிடர்களாக நின்றிருக்கிறோம்.

டிவி ஒயரை உருவினேன். அதன் முனையில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால் இரண்டு ஓட்டையிலும் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. ஊக்கு வாங்கி மெல்லச் சுரண்டினேன். உள்ளே தலைமுடி மாதிரி இருக்கும் பித்தளைக் கம்பிகளில் ஒன்று மடங்கிக்கொண்டு சந்தனத்தோடு வந்தது. ஊக்கு நுனியில் இருந்த மஞ்சளை அண்ணி பார்த்துவிட்டார்.

"நான் வெச்ச பொட்டா?"

"எல்லா வூட்லயும் எல்லாத்துக்கும் வெக்கிறதுதாங்க அண்ணி" என்றேன்.

அண்ணி டப்பாவை வாங்கிக்கொண்டார். புடவைத் தலைப்பால் அந்த டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இனி நோண்ட வேண்டாம், உள்ளே இருக்கும் நகம் அளவு மெமரி அட்டையில் அப்பா அமுக்கியது எல்லாம் பத்திரமாக இருக்கும், வேறு டப்பா வாங்கிக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்றாள் மேனகா. அதுவரைக்கும் அப்பா அமுக்குவதை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னாள். டப்பாவை அப்படியே பட்டனோடு விட்டோம்.

"தண்ணின்னா ஒருவாட்டி அமுக்குங்க" என்று அண்ணி கேட்டார். விரல் அமுக்கியது. தண்ணீர் கொடுத்தார். விரல் மறுபடி அமுக்கியது. ஃபேனைப் போட்டார். மறுபடியும் அமுக்கியது. அவர் எங்களுக்குப் பதில் சொல்கிறாரா, தன்பாட்டுக்குச் சொல்ல வந்ததைச் சொல்கிறாரா என்று பிரிக்க முடியவில்லை. கண்ணைச் சிமிட்டச் சொன்னோம். காய்ச்சலில் நீர் வழிந்து அந்தக் கண் சும்மாவே சிமிட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டு, இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பயனில்லை, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அண்ணி கட்டிலை விட்டு நகரவே இல்லை. அண்ணன் முகத்தைப் பார்ப்பார், பச்சை விளக்கைப் பார்ப்பார், கருப்பு டிவியைப் பார்ப்பார்.

மறுநாள் மேனகா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போதே அண்ணன் அடங்கிவிட்டார். அந்தப் பிள்ளை புது டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவின் பொணத்து மேல் வந்து விழுந்தாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் நோயைப் பற்றிக் கேட்டார்கள். அண்ணி சொன்னது வேறு. "என்னமோ சொன்னாருங்க. என்னான்னு தெரியாமப் போச்சு" என்பதையே எல்லோரிடமும் சொன்னார். கேட்டவர்கள், மனசைத் தேத்திக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன் போனதைவிட அதுதான் அவரைத் தின்றது என்று எனக்குத் தெரியும்.

கருமாதிக்கு முந்தின நாள் மேனகா என்னைக் கூப்பிட்டாள். பழைய டப்பாவிலிருந்து அட்டையை எடுத்துப் புதியதில் போட்டாள். ஒயரைச் செருகி, டிவியைப் போட்டாள். மறுபடியும் கருப்பு. அவள் ஒயரை உருவி உருவிச் செருகினாள். அட்டையும் போயிருக்குமோ என்று எனக்கும் பயம் வந்தது. செட்டாப் பாக்ஸில் சிலது இப்படிச் செய்யும். எதிரில் டிவி முழித்திருந்தால்தான் அது படம் அனுப்பும். "டப்பா கரண்ட நிறுத்தும்மா. டிவி போட்டது போட்டபடி இருக்கட்டும். அப்பறம் டப்பாவப் போடு" என்றேன்.

டிவியில் வெளிச்சம் வந்தது. கட்டங்கள் வந்தன. மேலே அண்ணன் கடைசியாகப் பேசியது வரிசையாக நின்றது.

அண்ணி எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "வலின்னு இருக்குதா பாரு மொதல்ல" என்றார்.

மேனகா விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இல்லம்மா. ஒரு எடத்துலகூட இல்ல."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தார். மேனகா படித்தாள். தண்ணி. ஃபேன். டீ. தீர்த்தா. டீ. தீர்த்தா. திருப்பு. தீர்த்தா. அதற்குப் பிறகு வேறு சொல்லே இல்லை. தீர்த்தா, தீர்த்தா, தீர்த்தா என்று திரையின் ஓரம்வரை போயிருந்தது.

கட்டம் கண்ணுக்குத் தெரியாமல், மனசுக்குள் எண்ணி எண்ணி அமுக்கியிருக்கிறார். அந்தப் பேருக்கு வர வேண்டுமென்றால் மற்ற எல்லாக் கட்டத்தையும் தாண்டவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் காத்திருந்திருக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரை, தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் படையல். அண்ணனின் அண்ணன் மாது, கறி எடுக்க வேண்டும், முட்டை வேண்டும், ஒரு குவாட்டரும் வைத்துவிடலாம் என்றார்.

"அவரு குடிக்க மாட்டாருங்க மாமா" என்றார் அண்ணி. "என்ன வேணும்னு அவரே சொல்லியிருக்கறாரு. அதையே வெக்கறன்."

இலை போட்டார். சொம்பில் தண்ணீர் வைத்தார். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அண்ணன் படத்துக்கு நேராகத் திருப்பிவிட்டார். அடுப்படிக்குப் போய் டீ போட்டு, புரைக்கேறும் என்கிற பயம் இல்லாமல் டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு வந்து இலையில் வைத்தார். மாது அண்ணன் கறியையும் ஓரமாக வைத்தார். அண்ணி தடுக்கவில்லை. கற்பூரம் காட்டினோம்.

படையல் போட்டால் போனவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவது வழக்கம். ஒவ்வொருவராக வெளியே வந்தோம். அண்ணி வரவில்லை. இலைக்குப் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்துவிட்டார்.

"வெளிய வா தீர்த்தம்மா. உள்ள யாரும் இருக்கக் கூடாது" என்றார் மாது அண்ணன்.

"கூப்புட்டாருங்க மாமா" என்றார் அண்ணி. "அத்தனவாட்டி கூப்புட்டாரு."

மாது அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மேனகா அவரைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தத்தோடு அண்ணியின் குரலும் கேட்டது.

"இங்கதான் இருக்கறன். டீ ஆறுது பாருங்க, குடிங்க."