இரண்டாவது துண்டு கேக்

பிறந்தநாள் அழைப்பிதழ்களுக்குப் படம் போடுவதுதான் என் பிழைப்பு. யானை கூம்புத் தொப்பி போட்டிருக்கும், சிங்கம் பீப்பி ஊதும், ஒட்டகச்சிவிங்கி கழுத்தில் வண்ணத் தோரணம் தொங்கும். ஆர்டர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெங்களூரில் இருக்கும் அம்மாக்கள். கோலார் தங்க வயலில், சுரங்கம் மூடியபின் எங்களுக்கு மிஞ்சிய தொழிலாளர் லைன் வீட்டின் முன்னறையில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து வரைந்து அவர்களுக்குப் போனில் அனுப்புவேன்.

நான் சிடுசிடுப்பான ஆள். குழந்தைகள் கூட்டமாகக் கத்தினால் எனக்குத் தலைவலி வரும். ஆனால் என் படங்களைப் பார்க்கிறவர்கள் நான் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பவள் என்று நம்புகிறார்கள். போன மாதம் ஒரு அம்மா, யானையின் முகம் இன்னும் கொஞ்சம் ஹேப்பியாக இருந்தால் தேவலை என்று நான்கு முறை திருப்பி அனுப்பினார். நான்காவது முறை யானைக்குக் காது வரை வாயை இழுத்துவிட்டேன். அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இந்த நிறங்களெல்லாம் எங்கிருந்து கிடைக்கின்றன என்று சிலர் கேட்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிப்பேன். உண்மையைச் சொல்லவா? பின்னணியில் நான் பூசும் வெளிர் மஞ்சள், எங்கள் ஊர் சைனைடு மேட்டின் நிறம். தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிய மண், மாலை வெயிலில் அப்படித்தான் இருக்கும். ரோஜாப்பூவின் இளஞ்சிவப்பு ராபர்ட்சன்பேட்டை பேக்கரிக் கேக்கில் இருந்தது. தோரணத்தின் சிவப்பும் பச்சையும், கிறிஸ்துமஸுக்கு வாங்கி மீந்துபோன காகிதச் சுருளில் இருந்தவை. கண்களை மூடித் தூங்கும் பலூன்கள், ஒன்பது வயதில் நானாகவே கண்டுபிடித்தவை. எல்லாமே ஒரே ஒரு சாயங்காலத்திலிருந்து வந்தவை. அந்தச் சாயங்காலத்தை விற்றுத்தான் நான் இத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. என் படங்களில் வரும் வீடுகளுக்குக் கதவு இருக்காது. கூரை இருக்கும், ஜன்னல் இருக்கும், ஜன்னலில் பூனை இருக்கும். கதவு மட்டும் வரைய மாட்டேன். அதை என் பாணி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

எனக்கு ஒன்பது வயது முடிந்த நாள் அது. அதுவரை எங்கள் லைனில் யாரும் பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் கொடுத்ததில்லை. நான் பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் வரைந்து வீட்டுக்கு வீடு கொடுத்தேன். சாயங்காலம் ஐந்து மணி, கேக் உண்டு, தொப்பி உண்டு. ஒரு அழைப்பிதழை மட்டும் அப்பாவின் டிபன் டப்பாவுக்குள் வைத்தேன். நீங்க வரலேன்னா கேக் வெட்ட மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தேன். அந்த வாரம் அப்பாவுக்கு ரெண்டாம் ஷிப்டு. மதியம் இரண்டு மணிக்குக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினால் இரவு பத்து மணிக்குத்தான் மேலே வருவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். போதாதென்று, அப்பா வராவிட்டால் கேக்கே கிடையாது என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவ்வளவு பிடிவாதக்காரி நான்.

இரண்டு வீடு தள்ளி என் சிநேகிதி இருந்தாள். எட்டு வயது. அவளுடைய அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். அந்த வாரம் அவருக்கு முதல் ஷிப்டு. அப்பாவும் மாமாவும் அந்த ஒரு நாளுக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டார்கள். மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும். ரிஜிஸ்டரில் அடித்துத் திருத்துவதை யாரும் விரும்பமாட்டார்கள் என்பதால், இப்படி மாறிக்கொள்கிறவர்கள் டோக்கனையும் மாற்றிக்கொள்வார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு போகிற, நம்பர் அடித்த பித்தளை வில்லை அது. அன்று காலை மாமாவின் டோக்கனோடு இறங்கிய அப்பா, இரண்டு மணிக்கு வெளியே வந்துவிட்டார். அப்பாவின் டோக்கனோடு மாமா உள்ளே போனார்.

மூன்றரை மணி இருக்கும். நாங்கள் பலூன் ஊதிக்கொண்டிருந்தோம். தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கீழே எங்கோ பாறை வெடித்தால் மேலே வீடுகள் இப்படித்தான் ஆடும். எங்கள் ஊரில் அதற்கு யாரும் ஓடமாட்டார்கள். அப்படியே நின்று, அடுத்தது வருகிறதா என்று பார்ப்பார்கள். வரவில்லையென்றால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வார்கள். அப்பா மட்டும் கையிலிருந்த பலூனை முடிச்சுப் போடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். அப்புறம் முடிச்சுப் போட்டார்.

ஐந்து மணிக்குக் கேக் வெட்டினேன். அப்பா பாடினார். அவ்வளவு மோசமாகப் பாடுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான ஒரு மணி நேரம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லவேண்டும். சொல்லக் கூசுகிறது.

வெளிச்சம் குறையும் நேரத்தில் கதவைத் தட்டினார்கள். அப்பா போய்த் திறந்தார். வாசலில் சுரங்கத்திலிருந்து வந்த இரண்டு பேர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவைப் பார்த்ததும் அவர்களில் ஒருவர் பின்னால் நகர்ந்தார். அப்பா இறந்துபோய்விட்டார் என்று அம்மாவிடம் சொல்ல வந்தவர்கள் அவர்கள். மண்ணுக்குள் கிடைத்த டோக்கனில் அப்பாவின் நம்பர் இருந்தது. செத்துப்போனதாக எழுதப்பட்டவர் காகிதத் தொப்பியோடு கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி அறைக்குள் பார்த்தார். எல்லோரையும் தாண்டி, மூலையில் உட்கார்ந்து விரலில் ஒட்டிய க்ரீமை நக்கிக்கொண்டிருந்த என் சிநேகிதியைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“பாப்பா, அந்தப் புள்ளைக்கு இன்னொரு துண்டு கேக் குடும்மா,” என்றார். “பூ வெச்ச துண்டா பாத்துக் குடு.”

கொடுத்தேன். வந்த இருவரையும் வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அப்பா பக்கத்திலேயே நின்றார். அவள் பூவை முதலில் தின்றாள். பிறகு மெதுவாக மீதியை. எனக்கு அது பிடிக்கவில்லை. என் பிறந்தநாள், என் அப்பா, பூ வைத்த துண்டு அவளுக்கா என்று உள்ளுக்குள் பொருமினேன். அவள் முடித்ததும் அப்பா தன் உள்ளங்கையால் அவள் வாயைத் துடைத்தார். எட்டு வயதுப் பெண்ணைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தார். அவள் தலையில் தொப்பி அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் அம்மாவின் சத்தம் கேட்டது.

அதற்குப்பின் எங்கள் வீட்டில் யாருடைய பிறந்தநாளும் வரவில்லை. அப்பா பகலில் வீட்டுக் கதவைச் சாத்த விடமாட்டார். மழை பெய்தாலும் திறந்தே கிடக்கும். அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சில வருஷங்களுக்கு முன் அவர் போனபிறகு, அவருடைய பென்ஷன் காகிதங்களுக்கு நடுவே நான் டிபன் டப்பாவில் வைத்த அந்த அழைப்பிதழ் கிடைத்தது. எண்ணெய்க் கறையோடு, நாலாக மடித்து. பாசத்தால் வைத்திருந்தாரா, மறக்கக்கூடாது என்று வைத்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிநேகிதியின் குடும்பம் அந்த வருஷமே குடியாத்தத்தில் அவள் பாட்டன் வீட்டுக்குப் போய்விட்டது. முப்பது வருஷத்துக்கும் மேல் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. போன தை மாதம் போனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பெங்களூரில் அவளோடு வேலை செய்கிற ஒருத்தி நான் வரைந்த அழைப்பிதழைக் காட்டியிருக்கிறாள். பலூனுக்குத் தூங்குகிற கண் போடுவது உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று எழுதியிருந்தாள். அவள் மகளுக்கு எட்டு வயது முடிகிறது. இதுவரை பிறந்தநாள் கொண்டாடியதில்லை, இந்த வருஷம் பெண் விடமாட்டேன் என்கிறாள், நீதான் படம் போடவேண்டும் என்றாள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். முடியாது என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் சரி என்றுதான் எழுதினேன்.

படத்தை அனுப்பியதும் அவள் கூப்பிட்டாள். எல்லாம் அழகாக இருக்கிறதாம். மகளுக்கு மட்டும் ஒரு சந்தேகமாம். வீட்டுக்குக் கதவே இல்லையே, வருகிறவர்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்று கேட்கிறாளாம். ஒரு கதவு போட்டுவிடேன் என்றாள்.

கதவு என்பது ஒரு செவ்வகம், ஒரு குமிழ். அரை நிமிஷ வேலை. எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மூடிய கதவு வரைந்தால், அதற்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. அழித்தேன். மறுபடி வரைந்தேன், மறுபடி நின்றார்கள். பட்டப்பகலில், பக்கத்து வீட்டு டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது, எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அப்பா வைத்திருந்த மாதிரியே அகலத் திறந்த கதவாக வரைந்து அனுப்பினேன்.

நீயும் வந்தே தீரவேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். போவதற்கு ஒரே காரணம்தான். மாமா என் அப்பாவின் ஷிப்டுக்குப் போனது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஏன் போனார் என்பது அந்த எட்டு வயதில் புரிந்திருக்காது என்று நினைத்தேன். டிபன் டப்பாவில் நான் வைத்த அழைப்பிதழைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். சொன்னபின் வாசலைக் காட்டினாலும் காட்டட்டும். கைப்பையில் அந்த அழைப்பிதழ் இருந்தது. சொல்லவேண்டிய வாக்கியத்தை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாடி வீடு. ஹாலில் நான் வரைந்த பலூன்களைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அவள் மாமாவின் ஜாடையாக மாறியிருந்தாள். அந்த அகலமான நெற்றியை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேக் வெட்டினார்கள், பாடினார்கள். ஒரு துண்டு கேக் என் கைக்கு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவளைத் தனியாகக் கூப்பிடலாம் என்று இருந்தேன்.

அதற்குள் அவளே தட்டோடு வந்தாள். என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தாள். என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள். ரோஜாப்பூ வைத்த துண்டு.

இரண்டாவது துண்டு எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

“மொதல்ல சாப்ட்டு முடி,” என்றாள். “அப்புறம் ஒண்ணு சொல்லணும்.”

சாப்பிட்டேன். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வாய் முடிந்ததும் சொன்னாள்.

“உங்கப்பா வந்து கேட்டப்ப எங்கப்பா முடியாதுன்னுட்டாரு. எம் பொண்ணுகூட நானும் போறேன், எனக்கும் கேக் வேணும்னு சிரிச்சிக்கினே சொன்னாரு. உங்கப்பாவும் பரவால்லன்னு போய்ட்டாரு. நான்தான் அழுதேன். அவங்க அப்பா வரலேன்னா கேக்கு வெட்டமாட்டாளாம், நீ போப்பான்னு தரையில வுழுந்து பொரண்டேன். அப்பறம்தான் உங்க வூட்டுக்குப் போயி சரின்னு சொல்ட்டு வந்தாரு.” அவள் குரல் அதிரவில்லை. பலமுறை சொல்லிப் பார்த்த குரல் அது. “எங்கம்மாவுக்குக்கூட தெரியாது. ஒரு துண்டு கேக்குக்காக நான் எங்கப்பாவ அனுப்பிட்டன்டீ.”

ரயிலில் தயார் செய்துவந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். கைப்பையைத் திறந்து அந்த அழைப்பிதழை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மடிப்புகளைப் பிரித்துப் படித்தாள். ஒன்பது வயதில் நான் எழுதிய ஒற்றை வரி. திரும்பவும் படித்தாள். பிறகு என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் அழுகை வரவில்லை.

அப்போது வாசல் கதவைத் தட்டினார்கள்.

அவள் பிடி இறுகியது. இருவரும் அசையவில்லை. ஹாலில் அவள் மகள் திறக்க ஓடுவது கேட்டது. கூப்பிட்டு நிறுத்தவேண்டும் என்று தோன்றியது. கதவு திறந்தது. தாமதமாக வந்த யாரோ, போக்குவரத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். குழந்தைகள் மறுபடி கத்த ஆரம்பித்தார்கள்.

நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம், அடுத்தது வருகிறதா என்று.