பந்த் அன்றைக்குப் பாதி ஷட்டர்

மருந்துக்கடை வைத்திருக்கும் மகானுபாவர்களே, ஊருக்கே லீவு என்றாலும் நமக்குக் கிடையாது, தெரியுமல்லவா? ஆரணி பஜாரில் பந்த் என்றால் என் ஷட்டர் மட்டும் பாதி ஏறி நிற்கும். உள்ளே நான் ஒருத்தன். பொழுதுக்கும் ரோட்டில் போகிற கால்களைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பேச்சுத் துணைக்கு ஆளிருக்காது.

டீ

பட்டு நூல் விலை உயர்வை எதிர்த்து நெசவாளர்கள் பந்த், மறியல். ஒருத்தன் வந்து என் ஷட்டரைப் படபடவென்று தட்டி, "உனக்கு மட்டும் தனியா சொல்லணுமா?" என்று கத்தினான். மறியலை நடத்திய ஏகாம்பரம் ஓடிவந்து அவனை இழுத்துப் போனார். பிறகு அவர்கள் கேனிலிருந்தே எனக்கும் ஒரு டீ கொண்டுவந்தார். அன்றைக்கு என்னோடு பேசியது அவர்தான்.

"மருந்து வாங்க வர்றவன் நம்மகூட சண்டைக்கா வர்றான்? நீங்க தொறந்து வெச்சிகினு இருங்க சார்."

குனிந்து வந்தவர்

இன்னொரு பந்த். கடைகளை மூடச்சொல்லிக் கோஷம் போட்டுக்கொண்டு போன கட்சிக்காரர் ஒருவர், ஊர்வலம் திரும்பியதும் ஷட்டருக்கடியில் குனிந்து நுழைந்தார். பி.பி. மாத்திரை ஜல்தியாக வேண்டுமாம். கொடுத்துவிட்டு, "கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்களேன்" என்றேன். கெஞ்சல்தான், வேறென்ன.

"ஐயோ, பந்த் அன்னிக்குத் தொறந்த கடையில உக்காந்துகினு இருந்தான்னு பேர் வந்துடும் சார்!"

எங்கள் பந்த்

கடைசியில் மருந்துக்கடைக்காரர்களே ஒருநாள் கடையடைப்பு அறிவித்தோம். கோரிக்கை நியாயம், கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். முதல்முறையாக எனக்கும் லீவு! மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கீழே ஷட்டரைத் தட்டும் சத்தம். ஏகாம்பரம். தோளில் மகள், மூச்சு விடமுடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். ஜி.எச்.சில் அந்த மருந்து ஸ்டாக் இல்லையாம், வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஊரில் ஒரு மருந்துக்கடையும் திறக்கவில்லை.

சாவியோடு இறங்கினேன். எதிர்க்கடைக்காரர் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் மருந்துக்கடைதான், ஆனால் ஊர் பந்த் எதுவானாலும் பூட்டிவிட்டுப் போய்விடுகிறவர். இத்தனை வருஷமும் சாயங்காலம் நான் பேசிச் சிரித்த ஒரே சிநேகிதர். "தொறந்தா எங்கூடப் பேசாத" என்றார். பாதி திறந்து மூடிவிடலாம் என்று பார்த்தேன். தோளில் பிள்ளையோடு அந்த மனுஷன் எப்படிக் குனிவார்? ஷட்டரை முழுசாகத் தூக்கினேன். பஜார் முழுக்கக் கேட்டது.

பிள்ளை பிழைத்தாள். எதிர்க்கடைக்காரர் சொன்னபடியே பேச்சை விட்டார், சங்கத்துக்காரர்களும் விட்டார்கள். மனசு ரொம்ப வலித்தது. ஏகாம்பரம் வந்தபோது, "செஞ்சது தப்பாங்க?" என்று புலம்பினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன்.

"எம்பொண்ணு உசுரு நீங்க குடுத்தது சார். ஆனா எங்க ஸ்ட்ரைக்ல எவனாவது தறியில உக்காந்தா, நானும் அவன்கூடப் பேச மாட்டேன்."

அடுத்தவர் பந்த்தில் கடையைத் திறந்தபோது டீ கிடைத்தது, எங்கள் பந்த்தில் திறந்ததற்கு ஆயுசுக்கும் லீவு கிடைத்தது, மனுஷர்களிடமிருந்து.