புஸ்பத்தின் மஞ்சள் கண்ணும் இரண்டு புளியங்கொட்டைகளும்

பனிச்சங்கேணிப் புஸ்பத்துக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. நண்டு ஏன் பக்கவாட்டில் ஓடுகிறது, வாவித் தண்ணீர் மாரியில் ஏன் சப்பென்று ஆகிறது என்று இறால் வாங்க வந்தவர்களைப் பிடித்துவைத்துக் கேட்பாள். பதில் தெரியாதவர்கள் இறாலை வாங்கிக்கொண்டு தப்பி ஓடுவார்கள். ஆனால் நாற்பத்திரண்டு வயதாகியும் ஒரு கேள்விக்கு மட்டும் அவளுக்கு விடை கிடைக்கவில்லை. தன் கண் ஏன் பிறந்ததிலிருந்து மஞ்சளாகவே இருக்கிறது?

ஊருக்கு அதில் சந்தேகமே இல்லை. அது செங்கமாரி, மஞ்சள்காமாலை. சின்ன வயதில் கண் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக மஞ்சளித்தாலும் கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஊற்றிவிட்டுப் பத்தியம் போட்டுவிடுவார்கள். எண்ணெய் இல்லை, மீன் இல்லை, கஞ்சி மட்டும். வயிறு காயக் காயக் கண் இன்னும் மஞ்சளாகும். மஞ்சள் கூடிவிட்டதென்று பத்தியத்தை இன்னும் இறுக்குவார்கள். பொரித்த மீன் வாசத்துக்கு அழுதுகொண்டே வளர்ந்தவள் அவள். செங்கமாரி வந்தவர்களெல்லாம் ஒரு மாதத்தில் எழும்பி நடக்க, தனக்கு மட்டும் ஏன் நாற்பது வருடமாக இது போகவும் இல்லை, ஆளைக் கொல்லவும் இல்லை என்று யோசித்தபடியே இருந்தாள்.

கொல்லவில்லை என்பதும் முழுச் சரியில்லை. அண்ணன் வினாயகமூர்த்திக்குப் பிறகு, அவளுக்கு முன்பு, தாய்க்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளித்தது. யாரோ கண்வைத்த கண்ணூறு என்று சொல்லி, சன்னலைச் சாக்கால் மறைத்து, இருட்டறையில் வைத்திருந்தார்கள். பால் குடிக்காமல், உடம்பு வில்லாக வளைந்து, ஏழாம் நாள் போய்விட்டது. அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

விடை வந்தது மூக்குக்கண்ணாடி வழியாக. இறாலில் கல் இருப்பது தெரியவில்லை என்று கண்ணைக் காட்ட மட்டக்களப்புக்குப் போனவளை, கண்ணின் நிறத்தைப் பார்த்ததும் வேறு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இருந்தவர் டொக்டர் நுஸ்ரா, ஏறாவூர்ப் பிள்ளை, வயது முப்பதுக்குள். இரத்தத்தைச் சோதித்தால் ஈரலில் ஒரு குறையும் இல்லை, தொற்றும் இல்லை, மஞ்சள் மட்டும் ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. நுஸ்ரா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேள்வி கேட்கிற இன்னொரு ஆளைக் கண்டுவிட்ட சந்தோசம் புஸ்பத்துக்கு.

தாயும் தகப்பனும் இரத்த உறவா என்று டொக்டர் கேட்டார். முன்பு பார்த்த டொக்டர்மாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். தாய் சொல்லி வந்த பதிலையே புஸ்பமும் சொன்னாள்: இல்லை, இரண்டு பேரும் வேறு வேறு குடி. அவள் பொய் சொல்லவில்லை. மட்டக்களப்பில் குடி தாய்வழியாகத்தான் வரும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்தால் அண்ணன் தங்கையைக் கட்டியதற்குச் சமம். வேறு குடியென்றால் அந்நிய இரத்தம். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லையென்றுதான் ஊரே நம்பியிருந்தது. முந்திய டொக்டர்மாரும் 'உறவில்லை' என்று எழுதி மூடிவிட்டார்கள்.

நுஸ்ரா பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். ஏறாவூர் முஸ்லிம்களிடமும் குடி உண்டு. அவருடைய வீட்டிலும் இதே பதில்தான் சொல்வார்கள்.

"அப்பாவ அம்மா என்ன முறை சொல்லிக் கூப்பிடுவா?" என்று கேட்டார்.

"மச்சான். அம்மாட மாமாட மகன்தானே."

அதற்குப் பிறகு கதவு திறந்துகொண்டது: மாமன் மகன் குடியால்தான் வேறு, இரத்தத்தால் நெருங்கிய சொந்தம். உடம்பில் பழைய இரத்தம் உடையும்போது ஒரு மஞ்சள் பொருள் உண்டாகும், அதைக் கரையவைத்து வெளியேற்ற ஈரலில் ஒரு நொதியம் வேண்டும், புஸ்பத்தின் ஈரல் அதை மிகக் கொஞ்சமாகத்தான் செய்கிறது என்று நுஸ்ரா விளக்கினார். அந்த நொதியத்தைச் செய்யச் சொல்லும் பரம்பரையலகு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். ஒன்று பழுதானால் மற்றது சமாளித்துவிடும், ஆளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. புஸ்பத்துக்கு வந்த இரண்டும் பழுது. நோயென்றாலும் ஒட்டுகிற வருத்தம் இல்லை. பட்டினி கிடந்தால் கூடும். பொரித்த மீன் தாராளமாகச் சாப்பிடலாம். இதைக் கேட்டதும் புஸ்பத்துக்குக் கோபத்தில் கண் கலங்கியது. எத்தனை மீன் போயிற்று!

வலிப்புக்குக் கொடுக்கிற குளிசை ஒன்றைத் தந்தார்கள். வலிப்புக் குளிசைக்கு ஈரலில் என்ன வேலை என்று அவள் விடாமல் கேட்டாள். அது ஈரலைத் தூண்டி அந்த நொதியத்தைக் கூடுதலாகச் செய்யவைக்கும், நொதியம் அறவே இல்லாத கடும் வகைக்குத்தான் இது கேட்காது, ஆகவே எந்த வகையென்று குளிசையே சொல்லிவிடும் என்றார் நுஸ்ரா. மூன்று கிழமையில் மஞ்சள் பாதிக்கு மேல் இறங்கியது; கடும் வகை இல்லை, இரண்டாம் வகை. கட்டாரிலிருந்து வீடியோவில் கதைத்த கணவன், புதுப் போன் வாங்கினாயா, படம் தெளிவாக இருக்கிறதே என்று கேட்டான்.

ஆனால் நுஸ்ரா சொன்னதில் ஒரு விசயம் அவளைத் தூங்கவிடவில்லை. மகள் தனுஷாவுக்கும் வினாயகமூர்த்தியின் மகன் ஜெயரூபனுக்கும் ஆவணியில் கலியாணம். தனுஷாவிடம் தாயின் பழுது ஒன்று கட்டாயம் இருக்கும். ஜெயரூபனிடமும் இருந்தால்?

அண்ணனிடம் போய்ச் சொன்னாள். வினாயகமூர்த்தி வலையிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஜெயரூபன் அவன் தாயின் குடி, எங்கள் வருத்தம் அங்கே எப்படிப் போகும் என்றார்.

"அவன்ட மூஞ்சில உங்கட மூக்கு இரிக்கே அண்ணன், அது குடி பாத்தா போச்சு?"

அவர் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். அடுத்த நாள் மகனை இரத்தம் கொடுக்க அனுப்பிவைத்தார்.

இரத்தம் கொழும்புக்குப் போய், ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. ஜெயரூபனிடமும் ஒன்று பழுது. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த வருத்தம் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார் நுஸ்ரா. நாலில் ஒரு பங்கென்றால் என்னவென்று தெரியாமல் புஸ்பத்தால் இருக்க முடியுமா? இரண்டு புளியங்கொட்டையை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தை வெள்ளை தெரியும்வரை சீமெந்துத் தரையில் தேய்த்தாள். ஒன்று தனுஷா, மற்றது ஜெயரூபன். வெள்ளைதான் பழுது. நூறு தரம் எறிந்தாள். இருபத்தேழு தரம் இரண்டும் வெள்ளையாய் விழுந்தன. இடையில் ஒரு தரம் மூன்று எறியும் தொடர்ந்து வெள்ளை. உடனே நுஸ்ராவுக்குப் போன் எடுத்தாள். முந்தி விழுந்தது கொட்டைக்கு ஞாபகம் இருக்காது என்றார் அவர்.

கலியாணத்தை நிறுத்துவதா என்று பெரியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் இரண்டு பேரும் தாங்களே பஸ் ஏறிப்போய் நுஸ்ராவிடம் எல்லாவற்றையும் கேட்டுவந்தார்கள். முதல் நாட்களில் நீல வெளிச்சத்தில் வைத்து, மஞ்சளை அளந்துகொண்டே இருந்தால் மூளைக்கு ஆபத்து வராமல் காக்கலாம், பிறகு தேவைப்பட்டால் குளிசை. முடிவு உங்களுடையது என்று டொக்டர் சொன்னாராம். தெரிந்துகொண்டே கட்டுகிறோம் என்றாள் தனுஷா. ஆவணியில் கலியாணம் நடந்தது. புஸ்பம் சந்தோசமாகத்தான் இருந்தாள், பயமாகவும் இருந்தது.

மாசியில் தனுஷா முழுகாமல் இருந்தாள். கிளினிக்கில் கர்ப்பிணி அட்டை போட இருந்த மருத்துவமாது அன்னப்பூரணி உள்ளூர்க்காரி. யார் என்ன குடி என்பது அவளுக்கு விரல் நுனியில். பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டாள். கணவன் மனைவி இரத்த உறவா என்ற இடம் வந்தபோது கேட்கவேயில்லை. பேனை தன்பாட்டில் 'இல்லை' என்ற பெட்டிக்குப் போனது.

புஸ்பம் எட்டி அந்தப் பேனையைப் பிடித்தாள்.

"ஓம் எண்டு போடு புள்ள. மச்சானும் மச்சாளும். கிரிக்லர் நஜார் எண்டு எழுது, ரெண்டாம் வகை, நான் எழுத்துக் கூட்டிச் சொல்றன். பொறந்த உடன வெளிச்சத்தில வைக்கணும் எண்டு பெரிசா எழுது."

அன்னப்பூரணி அதிசயமாகப் பார்த்தாள். இத்தனை பெரிய பெயரை எப்படிப் பாடமாக்கினீர்கள் என்று கேட்டாள்.

"எங்கட சின்னண்ணனுக்குப் பேரே வைக்கல்ல," என்றாள் புஸ்பம். "அவன்ட வருத்தத்துக்காவது பேர் இரிக்கட்டும்."

அன்னப்பூரணி 'இல்லை' பெட்டியில் விழுந்திருந்த புள்ளியை வெட்டிவிட்டு, 'ஆம்' என்பதில் சரி போட்டாள்.