சபைக்கு முன் சொன்ன சாட்சி

என் மதினி கிருபாவதி வடக்கே தாபோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. கல்யாணமாகி தெற்கே நாசரேத்திலிருந்து வந்த வருஷத்திலிருந்து அங்கே மணி அடிப்பவள் அவள்தான். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் மார்பில் வலி என்றாள். கேம்ப் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் மேமோகிராம் எடுத்தார்கள். நான் துணைக்குப் போனேன்.

டாக்டரம்மா இந்தியில் நிதானமாகத்தான் சொன்னார். படத்தில் ஓர் இடம் வெள்ளையாக மறைக்கிறது. கட்டி என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அடுத்த மாதம் வாருங்கள், வேறு பக்கமாக எடுத்து ஸ்கேனும் பார்க்கலாம்.

வெளியே நின்ற அவள் கணவர் மனுவேல் அண்ணனிடம், "கட்டின்னு சொல்ல முடியாதாம்" என்று மதினி தொடங்கினாள். "ஸ்தோத்திரம்" என்றார் அண்ணன். மிச்சத்தைக் கேட்கவில்லை.

அவளுக்காக எங்கள் சபையே உபவாசம் இருந்தது. நல்ல செய்தி வந்தால் அவர்கள் முன் சாட்சி சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதினி மைக்கைப் பிடித்து, கட்டி இல்லை, கர்த்தர் சொகம் கொடுத்தார் என்று இரண்டு வரி சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் வந்தது. "போவோம் மதினி" என்றேன்.

"சொகம்னு சொல்லியாச்சே. இப்ப போனா விசுவாசம் இல்லம்பாக."

"டாக்டரம்மா வரச் சொன்னாகளே."

"நீ வாயத் தொறக்கதே வருசத்துக்கு ஒருக்க. அத இதுக்கா செலவழிக்க?"

அண்ணனிடமும் கேட்டேன். "கர்த்தர் பாத்ததுக்கு மேல மெஷின் என்னத்தப் பாக்கும்?" என்றார்.

தீபாவளி லீவில் சபைக்காரி பவுன் வந்தாள். மதினி சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தாள். பவுன் பக்கத்தில் உட்கார்ந்து மார்பைத் தொட்டுக் காட்டி, "அக்கா, எனக்கும் இங்ஙன ஒரு உருண்டை. ஒங்க சாட்சியக் கேட்டப்புறந்தான் பயம் போச்சு. ஆஸ்பத்திரிக்கே போகல. ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

மதினி கண்ணை மூடினாள். ஜெபம் வரவில்லை. தவாவில் சப்பாத்தி கருகியது.

"எனக்குக் கட்டி இல்லன்னு டாக்டரம்மா சொல்லல பவுனு. தெரியலன்னுதான் சொன்னாக. மறுபடி வரச் சொன்னாக. நான் போகல."

உள்ளே அண்ணன் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. மதினி குரலைத் தாழ்த்தவில்லை.

"நாளைக்குப் போறேன். நீயும் வா."

அண்ணன் வெளியே வரவில்லை. இத்தனை நாள் கழித்துப் படத்தில் என்ன தெரியுமோ. நான் தவாவைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.